எல்லா போர்டுக்கும் ஒரே புரோகிராம்

எங்கள் கம்பெனி செய்த கம்ப்யூட்டர்களில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இருந்ததில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறத் தகரப் பெட்டிதான். மூடியைக் கழற்றினால்தான் தெரியும். போன மாதம் கிடைத்த சிப் இந்த மாதம் கிடைக்காது. துறைமுகத்தில் பார்சல் நிற்கும், லைசென்ஸ் வராது. கடைசியில் பம்பாயிலிருந்து யாராவது வேறொரு கம்பெனியின் சிப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். கிடைத்த சிப்பை வைத்து சர்க்யூட் போர்டு செய்ய வேண்டும். அந்த போர்டுக்குத் தகுந்தபடி புரோகிராமை மாற்றி எழுதுவது என் வேலை.

எண்பதுகளின் தொடக்கம் அது. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். பதினொரு பேர் வேலை செய்தோம். அதில் நான் ஒருத்திதான் பெண். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு, சென்னையில் சித்தி வீட்டில் தங்கி ஒரு வருடம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தேன். சாரத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வருவேன்.

அப்பா பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தார். அந்த வருடங்களில் மில்லில் பாதி மாதம் லே-ஆஃப்தான். வேலை இல்லாத நாட்களில் வீட்டில் உட்கார்ந்து நான் கொண்டுவரும் காகிதங்களைப் புரட்டிப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னாதாம்மா வேல செய்ற நீ? பக்கத்து வூட்டுல கேக்குறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

நான் அப்போது எழுதிக்கொண்டிருந்தது டி.எம்.ஏ. என்ற சிப்புக்கு. அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். "மில்லுல மிஷின்ல நிக்கிற ஆளு, நூல் ரொம்பன கண்டெல்லாம் தானே தூக்கிக்கினு போயி குடோன்ல வெச்சிட்டு வந்தா என்னப்பா ஆவும்?"

"மிஷினு சும்மா நிக்கும். அதுக்குத்தான டாஃபருன்னு தனியா ஆளு வெச்சிருக்கறது."

"கம்ப்யூட்டர்லயும் அப்பிடித்தான். கணக்குப் போடுற சிப் ஒண்ணு. டிஸ்க்குலேர்ந்து வர்றதத் தூக்கிக்கினு போயி மெமரியில வெக்கிறதுக்குத் தனியா ஒரு சிப். எங்கேர்ந்து எங்க, எவ்ளோன்னு மட்டும் சொல்லிட்டா போதும். அது தூக்கி வெச்சிட்டு மணி அடிக்கும். அந்தச் சிப்புக்குச் சொல்றதுக்கு நான் எழுதுறேன்."

அப்பா கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். "சரியான எடத்துலதான் வெச்சுதான்னு யார் பாக்குறது?"

"யாரும் பாக்க மாட்டாங்க. பாத்தா அப்புறம் தனி ஆளு எதுக்கு?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

போர்டுகளை வரைந்தவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை வாம்மா போம்மா என்பார். சொல்தா வீட்டுப் பிள்ளை. எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து எங்கெங்கோ போய்ச் சண்டை போட்டுவிட்டுப் பென்ஷனோடு திரும்பி வந்தவர்களை சொல்தா என்போம். அவர் அப்பா அப்படிப்பட்டவர். வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. இரண்டு அண்ணன்கள், ஒரு அக்கா, எல்லாரும் பாரிஸுக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள். இவர் மட்டும் போகவில்லை. பாஸ்போர்ட் அலமாரியில் கிடக்கிறது என்பார். ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால், "அங்க போயி நான் போர்டா வரையப்போறேன்? கேட்டுல நின்னு சலாம் போடணும்" என்பார்.

அவர் வரையும் போர்டை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். வெள்ளைத் தாளின்மேல், போர்டில் கம்பி ஓடவேண்டிய வழிக்கெல்லாம் கறுப்பு டேப்பை வெட்டி வெட்டி ஒட்டுவார். ஒரு கம்பி இன்னொன்றைத் தொடாமல் போக வேண்டும் என்பதற்காக அரை நாள் உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது தடவை போர்டு மாறி, கூடவே டி.எம்.ஏ. சிப்பும் மாறியபோது நான் உடைந்துபோனேன். பழைய சிப்புக்காக ஃபிளாப்பி டிரைவர், பிரிண்டர் டிரைவர் என்று அவற்றை ஓட்டுகிற புரோகிராம்கள் எல்லாவற்றையும் எழுதி முடித்து, பிழைகளைக் களைந்து, ஒரு வழியாக ஓட வைத்திருந்தேன். புது சிப்பில் கட்டளைகளைப் போடுகிற ரிஜிஸ்டர்களே வேறு. பழையது நூறு எழுத்து வேண்டுமென்றால் தொண்ணூற்றொன்பது என்று சொல்ல வேண்டிய ரகம். புதியது நூறு என்றே கேட்கும். இந்த மாதிரி ஒன்றைக் கூட்டிக் குறைப்பது நாற்பது இடங்களில் இருந்தது. ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினேன். ஒரு இடம் விட்டுப்போனாலும் ஒவ்வொரு ஃபைலின் கடைசி எழுத்தும் காணாமல் போகும்.

"ஒவ்வொரு தடவையும் மொதல்லேர்ந்து எழுதுறியே, அலுப்பா இல்ல?" என்றார் அவர்.

"அலுப்பு இல்ல சார், பயமா இருக்கு. எங்க விட்டுப்போச்சுன்னே தெரிய மாட்டேங்குது."

"அலோர்" என்றார், அப்படியானால் என்பதற்கு அவர் வீட்டுப் பிரெஞ்சு. "அந்த ஃபிளாப்பி டிரைவருக்கு எந்த சிப்புன்னு எதுக்குத் தெரியணும்?"

அந்தக் கேள்வியோடு நான் இரண்டு நாள் வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது சரி. ஃபிளாப்பிக்கும் பிரிண்டருக்கும் வேண்டியது மூன்றே விவரம்தான்: எங்கிருந்து, எங்கே, எவ்வளவு. சிப்பின் குணம் நடுவில் ஒரே இடத்தில் இருந்தால் போதும். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள் ஒரு பொது அடுக்கு. அதற்குள் ஒரு அட்டவணை. ஒரு சிப்புக்கு ஒரு வரி. இந்தச் சிப் ஒன்று குறைத்து எண்ணுமா, எத்தனை வழி இருக்கிறது, முடிந்ததும் எப்படிச் சொல்லும். புது சிப் வந்தால் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் ஆயிற்று. வேறு எதையும் தொட வேண்டாம்.

முதலாளியிடம் இரண்டு பேரும் போய்ச் சொன்னோம். அவர் வெளிநாட்டில் பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து கம்பெனி ஆரம்பித்தவர். முழுதும் கேட்டார். "இப்ப புது சிப் வந்தா எவ்ளோ நாள் ஆவுது?"

"ஆறு வாரம் சார்."

"இது வந்துட்டா?"

"ஒரு நாள்."

"செய்ங்க" என்றார்.

ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. இடையில் வந்த எல்லா வேலைகளையும் பார்த்துக்கொண்டு மீதி நேரத்தில் எழுதினேன். அட்டவணை வளர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு பத்தியும் ஒரு பிழையிலிருந்து வந்தது. அதில் முக்கியமான ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பழைய சிப்புக்கு ஒரு குறை உண்டு. அதில் உள்ள கவுண்டர் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் வரைதான் எண்ணும். அதைத் தாண்டினால், ஸ்கூட்டர் மீட்டர் முழுக்க ஒன்பது வந்த பிறகு பூஜ்யத்துக்குப் போவதுபோல, ஆரம்பத்துக்குத் திரும்பிவிடும். எங்கள் மெஷினின் மெமரி அந்த அளவில் எட்டுப் பாகங்களாக இருந்தது. இரண்டு பாகங்களுக்கு நடுவில் உள்ள கோட்டைத் தாண்டி எழுதச் சொன்னால், அந்தச் சிப் அடுத்த பாகத்துக்குப் போகாது. அதே பாகத்தின் தலைப்பக்கம் போய் எழுதிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று மணி அடிக்கும். அதனால் அட்டவணையில் 'கோட்டைத் தாண்டுமா' என்று ஒரு பத்தி வைத்தேன். தாண்டாது என்று இருந்தால் என் புரோகிராம் வேலையை இரண்டாக உடைத்துக் கொடுக்கும். பழைய சிப், தாண்டாது. இரண்டாவது சிப், தாண்டும். அதை நானே சோதித்துப் பார்த்து எழுதினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஒரே புரோகிராமை ஏற்றிய சிப்பை முதலில் பழைய போர்டிலும் பிறகு புது போர்டிலும் செருகினோம். இரண்டும் ஓடின. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. போர்டு வரைந்தவர் எழுந்துபோய் ரொட்டியும் வெண்ணெயும் வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார். அதற்கு முன்பும் பின்பும் அந்த ஷெட்டில் அப்படி ஒரு மத்தியானத்தை நான் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடல் அலுவலகத்துக்காரர் வந்தார். அப்படித்தான் அவரைச் சொல்வோம். ஐம்பது வயதிருக்கும், கடலூர்ப் பக்கத்துக்காரர். ஏதோ ஒரு துறையின் கீழ், வம்பாகீரப்பாளையத்தைத் தாண்டிக் கடல் பாலத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு அறை. பாலத்தின் தூணில் தண்ணீருக்கடியில் ஒரு கருவி கட்டியிருந்தார்கள். மேலே அலை ஏறி இறங்கும்போது தண்ணீரின் அழுத்தம் மாறும். அது கம்பி வழியாக அறைக்கு வரும். அதுவரை காகித உருளையில் பேனா கோடு போட்டுக்கொண்டிருந்தது. உப்புக் காற்றில் பேனா அடைத்துக்கொள்ளும். அவருக்கு கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது.

"சாதாரண அலைக்கு யாருக்கும்மா வேணும் ரெக்கார்டு? எனக்குப் புயல் வேணும்" என்றார் முதல் நாளே. "பதினோரு வருஷமா இங்க இருக்கேன். ரெண்டு புயல் வந்துச்சு. ஒண்ணுல பேனா அடச்சிக்கிச்சு. ஒண்ணுல காயிதமே நனஞ்சி போச்சு. கரை எவ்ளோ அரிச்சிப் போவுது, எங்க கல்லு கொட்டணும்னு கேக்குறாங்க. எதை வெச்சிச் சொல்றது? ஒரு புயலு, ஒரே ஒரு புயலு முழுசா கெடச்சா போதும். அப்புறம் நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

அவருக்காகவே ஒன்று எழுதிக் கொடுத்தேன். கடல் அமைதியாக இருந்தால் மெஷின் மெதுவாகப் பதியும். அலை ஒரு உயரத்தைத் தாண்டினால் நாலு மடங்கு வேகத்தில் பதியும். அதற்கு மெமரியில் நாலு மடங்கு நீளமான இடம் எடுத்துக்கொள்ளும். இடம் நிறைந்ததும் டிஸ்க்கில் எழுதும். கருவியிலிருந்து மெமரிக்குக் கொண்டுபோவது டி.எம்.ஏ. சிப்பின் வேலை.

அவருடைய போர்டு செய்யும் நேரத்தில் இரண்டாவது சிப் கிடைக்கவில்லை. அதைப் பார்த்து இன்னொரு கம்பெனி செய்த சிப் கிடைத்தது. கூடவே வந்த விவரத் தாள் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது. நடுவில் இரண்டு பக்கம் இல்லை.

"எல்லாக் காலும் சரியா உக்காருதும்மா. அதே சிப்புதான், பேருதான் வேற" என்றார் போர்டு வரைந்தவர்.

அட்டவணையில் மூன்றாவது வரி சேர்த்தேன். சொன்னபடி ஒரு நாள்கூட ஆகவில்லை. ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஒவ்வொரு பத்தியிலும் மேலே உள்ளதையே போட்டேன். கோட்டைத் தாண்டுமா என்ற பத்தியில் 'தாண்டும்' என்று எழுதினேன். ஃபிளாப்பி ஓடியது, பிரிண்டர் ஓடியது. நான் சோதித்ததெல்லாம் சின்னச் சின்ன அளவுகள். எதுவும் கோட்டுக்குப் பக்கத்திலேயே போகவில்லை. ஒரு நீளமான அளவைக் கொடுத்துப் பார்த்திருந்தால் இருபது நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அந்த இருபது நிமிஷத்தை நான் ஏன் செலவழிக்கவில்லை என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பெரிதாகக் காரணம் எதுவும் இல்லை. இனிமேல் சோதிக்கத் தேவையில்லை என்பதற்காகத்தானே இரண்டு வருடம் எழுதினோம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

மெஷின் அவர் அறையில் எட்டு மாதம் நன்றாக ஓடியது. அமைதியான கடலை மெதுவாகப் பதிந்துகொண்டிருந்தது. கோடைக் காலத்தில் ஒருமுறை போனபோது பிரிண்ட் எடுத்த தாள்களைச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார். "பாரும்மா, பேனாவே இல்ல" என்றார்.

நவம்பரில் புயல் வந்தது. விடிகாலையிலிருந்து காற்று. வீட்டுக்கு எதிரே இருந்த முருங்கை மரம் முறிந்து மின்கம்பியின் மேல் சாய்ந்தது. சாரத்தில் முழங்கால் வரை தண்ணீர். நாள் முழுதும் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்நேரம் மெஷின் வேகமாகப் பதிந்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே கரண்ட் போனாலும் ஓடும்படி லாரி பேட்டரிகள் நாலு வைத்திருந்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் காலையில் போர்டு வரைந்தவரும் நானும் போனோம். வழியெல்லாம் கட்டுமரங்கள் ரோட்டில் கிடந்தன. கூரை போன குடிசைகளுக்கு முன்னால் பெண்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கடல் அலுவலகத்துக்காரர் மூன்று நாள் தாடியோடு கதவைத் திறந்தார். புயல் அடித்த பகல் முழுதும் அங்கேயே இருந்திருக்கிறார். அறையில் ஒரு மேஜையின்மேல் மெஷினை ஏற்றி, சுற்றிலும் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்.

"நிக்கவே இல்லம்மா. ஒரு தடவ கூட நிக்கல" என்றார். "சாயந்திரம் காத்து அடங்கினதுக்கு அப்புறம், பேட்டரி தானா தீந்து எதுனா கெட்டுப்போயிடப் போவுதுன்னு, நானே பத்திரமா அணச்சி வெச்சேன்."

பேட்டரியை மாற்றி, மெஷினைப் போட்டு, டிஸ்க்கிலிருந்து பிரிண்ட் எடுக்க ஆரம்பித்தோம். முதல் தாளில் புயல் இருந்தது. கோடு தாளின் விளிம்பு வரை ஏறி இறங்கியது. அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோடு சட்டென்று படுத்தது. அரைத் தாள் நீளத்துக்கு அமைதியான கடல். அப்புறம் மறுபடியும் புயல். மறுபடியும் அமைதி.

"காத்து நடுவுல நின்னுதா சார்?" என்று கேட்டேன்.

"இல்லியே."

அடுத்த தாளை எடுத்து முந்தைய தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு தாளிலும் அமைதியான கடல் ஒரே மாதிரி இருந்தது. ஒவ்வொரு அலையும் அதே இடத்தில், அதே உயரத்தில். அதே துண்டுதான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. எங்கே என்ன நடந்தது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. புயலுக்காக எடுத்துக்கொண்ட நீளமான இடம் கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. சிப் தாண்டவில்லை. கோட்டுக்கு அப்பால் இருந்த பாதியில், என்றைக்கோ அங்கே சின்ன இடமாக எடுத்தபோது பதிந்த பழைய கடல் அப்படியே இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் டிஸ்க்குக்குப் போனது பாதி புயலும் பாதி அந்தப் பழைய கடலும். மீதிப் புயல் அந்தப் பாகத்தின் தலைப்பக்கம் போய் விழுந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அழிந்துகொண்டே இருந்திருக்கிறது. அங்கே முக்கியமான எதுவும் இல்லாததால் மெஷின் நிற்கவும் இல்லை. நின்றிருந்தாலாவது அவர் எங்களுக்கு ஆள் அனுப்பியிருப்பார்.

போர்டு வரைந்தவரைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

கடல் அலுவலகத்துக்காரரிடம் நான்தான் சொன்னேன். சிப்பைப் பற்றி, கோட்டைப் பற்றி, நான் எழுதிய ஒரு வார்த்தையைப் பற்றி. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மீதி எங்கயாவது இருக்குமாம்மா? கொஞ்சமாவது?"

"கடைசித் துண்டு மெமரியில இருந்திருக்கும் சார்."

"இப்போ?"

"அணைச்சா போயிடும் சார்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "நான்தான் பத்திரமா அணச்சேன்" என்றார்.

கம்பெனிக்குத் திரும்பியதும் அட்டவணையில் அந்த ஒரு வார்த்தையை மாற்றினேன். தாண்டாது. நீளமான அளவைக் கொடுத்துச் சோதித்தேன். பிழையில்லாமல் ஓடியது. ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனியாக எழுதிய காலத்தில் இந்தத் தப்பு நடந்திருக்காது. அப்போது ஒவ்வொரு சிப்பையும் பயந்து பயந்து தொட்டேன். பயப்படத் தேவையில்லாத ஒன்றைச் செய்துவிட்டோம் என்று நினைத்தபோதுதான் நடந்தது. பழையபடி ஆறு வாரம் உட்கார்ந்து எழுதியிருந்தால் புயல் முழுதாகக் கிடைத்திருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. போர்டு வரைந்தவரிடம்கூட.

ஒரு வாரம் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். கடல் அலுவலகத்துக்காரருக்கு மேலே இருக்கிறவர்கள் எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார்கள். மேஜையில் டைப் அடித்த ஒரு கடிதம் இருந்தது. புயலின்போது ஏற்பட்ட மின்சார ஏற்றத்தாழ்வினால் பதிவுகளில் ஒரு பகுதி சேதமடைந்தது என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே என் பெயரும் கையெழுத்துக்கான இடமும்.

"கரண்டே இல்ல சார் அன்னிக்கு. பேட்டரியிலதான் ஓடுச்சு."

"தெரியும்."

"அப்போ..."

"நம்ம தப்புன்னு எழுதினா இனி எவனும் நமக்கு ஆர்டர் குடுக்க மாட்டான். இங்க பதினோரு குடும்பம் இருக்கு. ஒங்க அப்பாவுக்கு இந்த மாசம் வேல இருக்கா?"

அப்பாவுக்கு வேலை இல்லை. அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அவர் மிரட்டியிருந்தால் ஒருவேளை நான் மறுத்திருப்பேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. கடல் அலுவலகத்துக்காரர் நின்றபடியே படித்தார். நான் அவரிடம் சொன்னது ஒன்று, அந்தத் தாளில் இருந்தது வேறு. அவர் தாளை இரண்டாக மடித்தார். "சரிம்மா. ஃபைல்ல வெக்கிறதுக்கு ஒண்ணு வேணும். இது போதும்" என்றார்.

போதாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு மாதம் கழித்து அந்தத் திட்டத்தையே மூடினார்கள். அதற்குக் காட்டிய காரணம் என் கடிதம்தான். இந்த ஊரின் மின்சாரத்துக்கு இப்படிப்பட்ட கருவிகள் ஒத்துவராது என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறதே. தண்ணீருக்கடியில் இருந்த கருவியை வெளியே எடுக்கக்கூட யாரும் வரவில்லை. உண்மையை எழுதியிருந்தால் எங்களைத் திட்டியிருப்பார்கள், வேறு கம்பெனியின் மெஷினை வாங்கியிருப்பார்கள். அவருக்கு இன்னொரு புயல் கிடைத்திருக்கலாம்.

போர்டு வரைந்தவர் அடுத்த வருடம் பிரான்சுக்குப் போனார். போவதற்கு முந்தின வாரம் வரை எங்களிடம் சொல்லவில்லை. "எல்லாக் காலும் சரியா உக்காருதுன்னு நான்தானம்மா சொன்னேன்" என்றார் கடைசி நாளில்.

"எழுதினது நான்தான் சார்."

"நீ என்ன நம்பி எழுதின."

அப்படி இல்லை என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் மேஜையில் பாதி ஒட்டிய போர்டு ஒன்று இருந்தது. வெயிலில் பசை காய்ந்து டேப்கள் ஒவ்வொன்றாக உரிந்து விழுந்தன. ஒருமுறை கடிதம் போட்டார். ஒரு பெரிய கட்டிடத்தின் வாசலில் வேலை, குளிருக்குக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். பதில் எழுதினேன். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

எண்பதுகள் முடிவதற்குள் முதலாளி சொந்தமாக போர்டு செய்வதை நிறுத்திவிட்டார். வெளிநாட்டிலிருந்து எல்லா பாகமும் ஒரே அட்டைப்பெட்டியில் வந்தன. ஸ்க்ரூ முடுக்கினால் கம்ப்யூட்டர். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபிளாப்பியில் வந்தது. எங்கள் அட்டவணைக்கு அதில் இடமும் இல்லை, தேவையும் இல்லை. வாங்குகிற ஆபீஸ்களுக்குப் போய், ஃபிளாப்பியை எந்தப் பக்கமாகச் செருகுவது என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை ஆயிற்று. சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் இன்டர்வியூவுக்குப் போனேன். நான் செய்ததை விளக்கினேன். எதிரே இருந்தவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "ஒரே மாதிரி போர்டு வாங்கிட்டா இதெல்லாம் தேவைப்படாதே" என்றார். எங்களுக்கு அது எப்போதும் கிடைத்ததில்லை என்று சொன்னேன். தலையாட்டினார். வேலை கிடைக்கவில்லை.

மில் மூடியபின் அப்பாவுக்கு மூச்சுத் தொந்தரவு அதிகமானது. பஞ்சுத் தூசு. மாதம் ஒருமுறை கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். ஒருநாள் மத்தியானம், சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது கடல் அலுவலகத்துக்காரரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். கையில் எக்ஸ்ரே உறை. அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை, உள்ளே படுக்க வைத்திருக்கிறார்கள், துணி எடுத்துவர வீட்டுக்குப் போகிறேன் என்றார். திட்டம் மூடியதும் அவரை விழுப்புரம் பக்கம் மாற்றிவிட்டார்களாம். கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று கயிறு விட்டுப் பார்க்கிற வேலை. அடுத்த வருடம் ரிட்டயர்.

அப்பாவிடம் என்னைக் காட்டி, "ஒங்க பொண்ணு நல்லா எழுதும் சார்" என்றார். அப்பா, "அப்பிடியா" என்று மூச்சு வாங்கச் சிரித்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கோடு சமாச்சாரத்தச் சரி பண்ணிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"அன்னிக்கே பண்ணிட்டேன் சார்."

"நல்லா ஓடுதா?"

"சரியா ஓடுச்சு சார்."

"எங்க ஓடுது இப்போ?"

"எங்கயும் இல்ல சார். அந்த போர்டெல்லாம் இப்ப செய்றது இல்ல."

"ஓ" என்றார். எக்ஸ்ரே உறையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். இன்னும் ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். விழுப்புரம் பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. அவர் எங்களிடம் தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போய்ப் பின்படியில் ஏறிக்கொண்டார். எங்கள் பஸ் வர இன்னும் நேரமிருந்தது. அப்பாவை நிழலில் உட்கார வைத்தேன்.